உட்காரவிடாத பாட்டு

"என் பாட்டு ஓடுற எடத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான்னா, ஒண்ணு அவன் செத்திருக்கணும், இல்லேன்னா நான் செத்திருக்கணும்."

1991-ஆம் ஆண்டுக் கோடையில், யார்க்‌ஷயர் வட்டாரத்து மார்ஸ்லி ஊரின் மூடிப்போன கம்பளி ஆலை வாசலில் நின்றுகொண்டு ரஸ்ஸல் ஹின்ச்கிளிஃப் இப்படிச் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கேட்டு எழுதிக்கொண்டவன் லீட்ஸிலிருந்து வந்த ஒரு நிருபன். அவனே எழுதி, அவனே நகலெடுத்து, அவனே ஊசிபோட்டுக் குத்தி விற்கும் பத்திரிகை. உலகில் அதை வாசித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் பாதிப்பேர் மார்ஸ்லியில் குடியிருந்தார்கள் என்பதுதான் ரஸ்ஸலின் தலையெழுத்து. யார்க்‌ஷயர்க்காரர்கள் ஒருவன் செய்த நல்லதை அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். பேசிய பெரிய பேச்சை மட்டும் அவன் சவப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து அனுப்புவார்கள்.

அதன்பின் அவர் ஊர் மதுக்கடையில் முதுகு சாய இடம் தேடினால் போதும். "என்ன ரஸ்ஸல், செத்துட்டியா கண்ணு?" என்று எவனாவது ஒருவன் கேட்பான். மனிதர் முப்பது வருடங்களுக்கு மேலாக மது ஊற்றித்தரும் மேசையோரம் முழங்கையை ஊன்றி நின்றபடியே பீர் குடித்தார். எங்கே, எப்போது, எந்த வானொலியில் தன் பாட்டு ஒலித்துவிடுமோ, யார் கண்டது? அந்த நேரம் பார்த்து நாம் நாற்காலியில் இருந்துவிட்டால்? கொள்கை என்று ஒன்று இருந்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்.

கொள்கைக்குக் காரணமான அந்தப் பாட்டு பிறந்தது அவர் அம்மா டோரினின் வீட்டுப் பின்பக்கப் படுக்கையறையில். ஒட்டிக்கட்டிய வீடுகளில் பின்பக்க அறை என்றால் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். தாளம் தட்டும் பெட்டி ஒன்று, சுதி பிடிக்கும் பெட்டி ஒன்று, எந்த ஒலியையும் பிடித்துவைத்துக்கொண்டு வேண்டிய வேகத்தில் திருப்பித் துப்பும் சாம்ப்ளர் ஒன்று. இவற்றை அடுக்கியபின் நாற்காலி போட இடமில்லை. நின்றபடியே இசையமைத்தார். பிற்காலத்தில் பெல்ஜியத்துப் பத்திரிகைகள் "நின்று படைக்கும் கலைஞன்" என்று அவரைப் போற்றி எழுதியதற்கு மூலகாரணம் இடநெருக்கடி.

ஒருநாள் ஒலிவாங்கியைத் திறந்துவைத்துவிட்டு அவர் யோசனையில் நிற்க, டோரின் தேநீரோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறும் வேலை அவளுக்கு. இருநூறு குழந்தைகளை ஒரே சொல்லில் அடக்கும் குரல். மகன் நடு அறையில் விளக்குக்கம்பமாக நிற்பதைப் பார்த்ததும், அந்த ஊர்ப் பேச்சில், "சிட் தீ டௌன், லாட்" என்றாள். உக்காருடா பையா, அவ்வளவுதான். தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாம்ப்ளர் அதைப் பிடித்துக்கொண்டது. அழிக்கப்போன ரஸ்ஸல், விளையாட்டாக வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். அம்மாவின் கரகரத்த குரல் கரைந்து, மேகத்துக்கு மேலிருந்து ஒரு தேவதை பாடுவதுபோல் வந்தது: "சீ த லைட்!" ஒளியைப் பார்! அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே சமையலறையில் தேவதை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

இசைத்தட்டு வெளிவந்தது. நடுவட்டத்தில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வெறும் வெள்ளைக் காகிதம். அப்போதைய வழக்கம் அது. பெயர் போட்டால் வியாபாரி, போடாவிட்டால் மேதை. பாட்டுக்குப் பெயரில்லாததால் கேட்டவர்களே காதில் விழுந்ததை வைத்து "சீ த லைட்" என்று பெயரிட்டார்கள். ஃபியூஸ்பாக்ஸ் என்ற பட்டப்பெயரோடு ரஸ்ஸல் வயல்வெளிகளிலும் கிடங்குகளிலும் அதைப் போட்டார். அந்தக் குரல் வரும் இடத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, ஈர வயலில் கண்ணீர் மல்க நின்றார்கள். அத்தனை பேரையும் டோரின் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அங்கே ஒருவருக்கு மட்டுமே தெரியும். குரல் யாருடையது என்று கேட்ட நிருபர்களிடம் அந்த ஒருவர், அமெரிக்காவில் ஏதோ ஒரு தேவாலயத்தில் பதிவான பழைய ஒலிநாடா என்று சொல்லிவைத்தார். ஒருமுறை சொன்னபின் அதையே சொல்லவேண்டியதாயிற்று.

இனி ஊரார் அவருக்குச் செய்ததைக் கேளுங்கள்.

அவர் ஆட்டம் நடத்திய அந்த மூடிப்போன ஆலைக்கு மார்ஸ்லி நகரமன்றம் பூட்டுப் போட்டது. மன்ற உறுப்பினர் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகையில், இது இசையல்ல, வடிகால் அடைப்பு என்று அறிவித்தார். ஊர்ப் பேண்டு வாத்தியக் குழுவில் ட்யூபா என்னும் பெரிய பித்தளைக் குழல் ஊதும் கிளிஃப் என்பவர், தாம் நாள்முழுக்க வீட்டில் ஊதுவதை மறந்துவிட்டு, சத்தம் தாங்கவில்லை என்று போலீசுக்குத் தொலைபேசி செய்தார். இதெல்லாம் போதாதென்று 1994-இல் நாடாளுமன்றமே கூடி, திரும்பத் திரும்ப வரும் தாளங்கள் கொண்ட இசை என்று சட்டப்புத்தகத்திலேயே எழுதி, வெட்டவெளியில் அதற்குக் கூடுகிறவர்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. ராஜாங்கங்கள் துரோகத்தைத் தடுத்திருக்கின்றன, கள்ளச்சாராயத்தைத் தடுத்திருக்கின்றன. தாளத்தைத் தடுத்த ராஜாங்கம் இது. டோரின் செய்தியைப் படித்துவிட்டு, "அப்போ என் துணி தொவைக்கிற மெஷினையும்ல வந்து புடிக்கணும்" என்றாள். நாட்டிலேயே அந்தச் சட்டத்துக்கு வந்த ஒரே நியாயமான விமரிசனம் அதுதான் என்று ரஸ்ஸல் இன்றும் சொல்லுவார்.

அதற்குப் பிறகான வாழ்க்கை சுருக்கமானது. கொஞ்சகாலம் ஜெர்மனி, பெல்ஜியம். வேறு பாட்டுகளும் போட்டார். ஒன்றிலும் தேவதை வரவில்லை. ஒரு கல்யாணம், அதற்குரிய ஒரு விவாகரத்து. பிறகு வீடுகளுக்குத் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்தும் வேலை. அதிலும் மின்சாரமும் ஓசையும்தான். கேட்டவர்கள் எல்லாரும் எழுந்துநின்றார்கள் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. டோரினுக்கு இடுப்பெலும்பு தேய்ந்தபோது பழைய வீட்டுக்கே, பழைய பின்பக்க அறைக்கே திரும்பிவந்தார். அம்மா அதுவரை மகனின் கச்சேரி ஒன்றுக்கும் போனதில்லை. கூப்பிடும்போதெல்லாம், "உக்கார எடம் இருக்காடா?" என்று கேட்பாள். இருக்காது. பேச்சு அத்தோடு முடியும்.

கொள்கையில் மனிதர் அசைந்தாரில்லை. சாய்வுநாற்காலி செய்யும் கம்பெனி ஒன்று அந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டபோது, வந்த ஆளை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார், உட்காரவே சொல்லவில்லை. பல் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ஒருநாள், வயலின்கள் வைத்து வெந்நீரில் அலசிய மாதிரி, தன் பாட்டே மெல்லிய சத்தத்தில் ஒலிப்பதைக் கேட்டார். ஐந்தாறு பேர் மடியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ரஸ்ஸல் சொத்தைப் பல்லோடு வெளியே நடந்தார். அந்தப் பல் அவரை இரண்டு மாதம் வதைத்தது. கொள்கைக்காகச் சிறை சென்றவர்கள் உண்டு. கடைவாய்ப்பல் கொடுத்தவர் இவர்.

இந்த நிலையில்தான், அவரை ஊரைவிட்டு விரட்டிய அதே நகரமன்றம் ஓர் ஆளை அனுப்பியது. ஜூலியன் என்று பெயர். தெற்கத்திய இளைஞன், பண்பாட்டு அலுவலர். பூட்டிய ஆலை இப்போது அடுக்குக் குடியிருப்பாகி, அதன் சுவரில் ரஸ்ஸலின் பழைய படம் பெரிதாக வரையப்பட்டிருந்தது. வடிகால் அடைப்பு பாரம்பரியம் ஆகிவிட்டது! வருகிற செப்டம்பரில் ஊர் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம், மார்ஸ்லி பேண்டு வாத்தியக் குழுவோடு சேர்ந்து அவர் "சீ த லைட்" வாசிக்கவேண்டும் என்று ஜூலியன் கேட்டுக்கொண்டான். ஒரு மன்னிப்பு உண்டா என்று ரஸ்ஸல் விசாரித்தார். மன்னிப்பு நிதியறிக்கையில் இல்லை, ஆனால் சிற்றுண்டி உண்டு என்றான் அவன்.

ரஸ்ஸல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட இருக்கக்கூடாது.

"மிஸ்டர் ஹின்ச்கிளிஃப், வர்றவங்க எல்லாரும் அம்பதைத் தாண்டினவங்க. பாதிப் பேரு முழங்கால் மாத்தினவங்க."

"மாத்தினது எதுக்கு தம்பி? நிக்கத்தானே?"

ஜூலியன் வாதாடிப் பார்த்தான். ரஸ்ஸல், முப்பது வருட அவமானத்தைத் தொகுத்து, வடிகால் அடைப்பிலிருந்து பல் வலி வரை நின்றபடியே எடுத்துரைத்தார். இந்த ஊரில் என்னிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டீர்கள், என் பாட்டுக்கு ஜனங்கள் எழுந்து நின்றார்கள் என்கிற ஒன்றுதான் பாக்கி, அதையும் கேட்காதே என்று முடித்தார். ஜூலியன் பயந்துபோய் மேலிடத்தில் கேட்டான். நாற்காலி இல்லாவிட்டால் கூட்டம் அதிகம் கொள்ளும் என்று மேலிடம் கண்டுபிடித்தது. நுழைவுச்சீட்டில் ஒரு வரி அச்சாயிற்று: இருக்கைகள் வழங்கப்படமாட்டா.

வாழ்க்கையில் முதன்முறையாக நகரமன்றத்தை வென்ற ரஸ்ஸல், அந்தச் சீட்டு ஒன்றை மதுக்கடைச் சுவரில் குத்திவைத்தார்.

ஒத்திகையில் வேறு வம்பு காத்திருந்தது. பேண்டுக் குழுவை நடத்துகிறவள் ஹீதர், பள்ளி இசை ஆசிரியை. இசைத்தட்டை ஒருமுறை முழுதும் கேட்டுவிட்டு, தாளம் காட்டும் கைக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஏன் கண்ணு, இது பாட்டா, தீ விபத்தா?"

"அதோட வேகம் அதுதான்."

"எங்க கிளிஃபுக்கு வயசு எழுபத்தெட்டு. இந்த வேகத்துல ட்யூபா ஊதுனார்னா பாட்டு முடியறதுக்குள்ள அவரு முடிஞ்சிருவாரு. கொறைச்சுக்க."

அன்று போலீசுக்குத் தொலைபேசி செய்த அதே கிளிஃப், ட்யூபாவுக்குப் பின்னாலிருந்து ஆமோதித்துத் தலையாட்டினார். ரஸ்ஸலுக்கு உள்ளே எரிந்தது. ஆனால் பித்தளைக் குழல்கள் அந்த மெட்டை நிதானமாக எடுத்து ஊதிக் காட்டியபோது, அது இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியாத ஒரு மெட்டாக இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று ஹீதர் எடுத்துக்கொண்டாள்.

பாட்டு மெதுவானால் குரலும் மெதுவாகவேண்டும். ஜூலியன், கம்ப்யூட்டரில் போட்டால் குரல் மாறாமலே வேகம் குறையும், தன் தங்கை மகளே செய்துகொடுப்பாள் என்றான். அங்கேதான் இன்னொரு பழைய பேச்சு குறுக்கே வந்தது. கம்ப்யூட்டர் பொத்தானைத் தட்டிவிட்டுக் கைகட்டி நிற்கிறவனெல்லாம் கலைஞனா என்று ரஸ்ஸல் மூன்று நாட்டுப் பத்திரிகைகளில் கேட்டிருந்தார். அந்தப் பழைய சாம்ப்ளரைத்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெட்டியில் வேகம் குறைந்தால் குரலும் கூடவே இறங்கும்.

பின்பக்க அறையில், ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, புதிய வேகத்தில் அந்தக் குரலை ஒருமுறை அழுத்திக் கேட்டார். தேவதை செத்துப்போயிருந்தாள். அது டோரின். சந்தேகத்துக்கு இடமில்லாத, பள்ளிச் சாப்பாட்டுக்கூட டோரின். அவர் உடனே அணைத்துவிட்டார். ஒத்திகைகளில் அந்தக் குரல் எங்கே என்று ஹீதர் கேட்டபோதெல்லாம், அது கச்சேரியன்று வரும் என்றார். இருபது பித்தளைக் குழல்கள் ஊதும்போது யாருக்கு என்ன கேட்கப்போகிறது? அத்தோடு, கூட்டம் நின்றுகொண்டிருக்கும். நிற்கிற கூட்டத்துக்கு எப்போதும் கேட்டதுதான் கேட்கும். அதை நம்பித்தான் மனிதர் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபத்தின் பக்கவாசலில் நின்று பார்த்தார். தரை பளிச்சென்று வெறுமையாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு நாற்காலி இல்லை. அந்தக் காட்சியை அவர் அனுபவித்தது அதிகம் போனால் இரண்டு நிமிடம்.

கதவைத் திறந்தார்கள். முதலில் வந்த தம்பதியின் கக்கத்தில் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி இருந்தது. பின்னால் வந்தவர்களிடமும் இருந்தது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் நாற்காலியோடு மெத்தை, கம்பளிப் போர்வை, தேநீர்க் குடுவை, பன்றியிறைச்சிப் பணியாரம் எல்லாம் கொண்டுவந்தார்கள். டக், டக், டக் என்று நாற்காலிகள் விரியும் ஓசை மண்டபமெங்கும் கேட்டது. திரும்பத் திரும்ப வரும் அந்தத் தாளத்தைத் தடுக்க ஒரு போலீசும் இல்லை.

பேண்டுக் கச்சேரி என்றால் மார்ஸ்லிக்காரர்களுக்கு ஒன்றுதான் தெரியும். பூங்காவில் ஊதினாலும், மலைச்சரிவில் ஊதினாலும், வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ரஸ்ஸல் முதல் வரிசைக்கே போய், கட்டம்போட்ட தொப்பிக்காரர் ஒருவரை நேருக்கு நேர் கேட்டார்.

"சீட்டுல போட்டிருந்ததைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சதனாலதானே கண்ணு கொண்டாந்தோம். நாற்காலி தரமாட்டோம்னு போட்டிருந்துச்சே."

"அப்படின்னா நிக்கணும்னு அர்த்தம்."

"நிக்கணும்னா நிக்கணும்னுல்ல போடணும்? அச்சடிச்சவனைப் போய்க் கேளு. ஒதுங்கி நில்லு, மறைக்குது."

ஜூலியன் கண்ணில் படவேயில்லை. அப்போதுதான் கைத்தடியும், வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரும் துணையாக டோரின் உள்ளே வந்தாள். எண்பத்து நாலு வயதில், மகன் கச்சேரிக்கு அவள் வருவது இதுவே முதல்முறை. ஓட்டுநரின் இரண்டு கைகளிலும் இரண்டு மடக்கு நாற்காலிகள். மேடைப் படிக்குப் பக்கத்தில் இரண்டையும் விரிக்கச் சொன்னாள்.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"உனக்குத்தான். காலைல இருந்து நின்னுக்கிட்டே இருக்கே."

முதுகெலும்பில் மிச்சமிருந்த அத்தனை கண்ணியத்தையும் திரட்டிக்கொண்டு ரஸ்ஸல் மேடை ஏறினார்.

பாட்டு தொடங்கியது. ஊரே உட்கார்ந்து கேட்டது. காலால் தாளம் போட்டார்கள், உண்மைதான். தலை ஆடியது, பணியாரமும் கைமாறியது. ரஸ்ஸல் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அந்த நாற்காலிக் கடலை முறைத்தார். இன்னும் தேவதை வரவில்லை, வரட்டும், எத்தனை வருடம் இவர்களை எழுப்பிய பாட்டு என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். குழல்கள் படிப்படியாக மேலேறின. அந்த இடம் நெருங்க நெருங்க, பழைய வயல்களின் நினைவு வந்து, அங்கங்கே சில வழுக்கைத் தலைகள் எழுந்தன. ஒரு பெண்மணி கைத்தடியோடு கையை உயர்த்தினாள். பின்வரிசையில் இன்னும் பலர் நாற்காலிக் கையைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தார்கள். ரஸ்ஸலுக்கு நெஞ்சு நிறைந்தது. விரல் பொத்தானை அழுத்தியது.

அந்த இடத்தில் ஹீதர் குழல்கள் அத்தனையையும் சட்டென்று நிறுத்தும்படி அமைத்திருந்தாள். குரல் நன்றாகக் கேட்கவேண்டும் என்று, பாவம், நல்ல எண்ணத்தில் செய்தது.

மண்டபம் முழுக்க, கணீரென்று, தெள்ளத்தெளிவாக:

"சிட் தீ டௌன், லாட்."

எழுந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் சின்ன வயதில் அந்தக் குரலிடம் தட்டேந்திச் சாப்பிட்டவர்கள். உட்கார் என்றால் உட்கார்ந்து பழகியவர்கள். கையை உயர்த்திய பெண்மணி உயர்த்திய கையோடு உட்கார்ந்தாள். பிறகு கிளிஃப் மட்டும் ட்யூபாவுக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அது வரிசை வரிசையாகப் பரவியது.

டோரின் சிரிக்கவில்லை. "அது நாந்தானே?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். ஆமாம் டோரின், நீதான் என்றார் அவர். அவள் மேடையைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா என்னையவா கொண்டுட்டுப் போன?"

ஹீதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோலைத் தூக்க, குழல்கள் மறுபடி எழுந்தன; அன்று ஒத்திகையில் கேட்ட அந்த நிதானமான மெட்டு. பாட்டின் அந்தப் பகுதியில் பெட்டிகள் தாமாகவே ஓடும். மூன்று நாட்டு மேடைகளில் அவர் அங்கே பொத்தான்களைத் திருகுவதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றிருக்கிறார். இப்போதும் கை பழக்கத்தில் ஒரு பொத்தானுக்குப் போயிற்று. பிறகு அதை விட்டுவிட்டது.

அவர் படியிறங்கி வந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. டோரின் அதன்மேல் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாற்காலி கொண்டுவரக்கூடாதுன்னு அவங்க போட்டிருக்கணும்மா," என்றார், தாழ்ந்த குரலில்.

"போடலைடா. பேசாம கேளு, நல்லாத்தான் ஊதுறாங்க."

மடக்கு நாற்காலி தாழ்வானது. முழங்கால்கள் இரண்டும் தாடை வரை வந்தன. அம்மா குடுவை மூடியில் தேநீரை ஊற்றி நீட்ட, வாங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். பாட்டு அப்போது பாதிதான் ஆகியிருந்தது.